அசோக் எப்படி ‘அசோகர்’ ஆனார்? ‘காதலிக்க நேரமில்லை’யை ரசிகர்கள் இன்னும் விடாமல் கொண்டாடுவது ஏன்?

பிப்ரவரி 27 வந்துவிட்டால் போதும். பழைய தமிழ்ப் படங்களின் ரசிகர்கள் மத்தியில் ஒரு வேலை தானாகவே ஆரம்பித்துவிடும். யாராவது ஒருவர் நாகேஷ் கதை சொல்லும் காட்சியைப் பகிர்வார். அடுத்தவர் அதில் பாலையாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போடுவார். மூன்றாவது ஆள், ‘‘பாட்டை விட்டுட்டீங்களே’’ என்று சண்டைக்கு வருவார். அதற்குள் எங்கிருந்தோ ஒரு பெரியவர் நுழைந்து, தான் எந்த ஊரில் எந்த கொட்டகையில் இந்தப் படத்தைப் பார்த்தேன், டிக்கெட் எத்தனை அணா என்று ஆரம்பிப்பார்.

1964-ம் ஆண்டு இதே நாளில்தான் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ வெளியானது. அறுபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. இயக்குநர் இல்லை, இரண்டு நாயகர்கள் இல்லை, நாகேஷ் இல்லை, பாலையா இல்லை, இசையமைத்த இருவரும் இல்லை. ஆனாலும் சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. படம் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள்கூட ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்றால் என்னவென்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். அது எப்படி?

முதலில் கதை

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: சின்னமலை எஸ்டேட்டின் முதலாளி விஸ்வநாதன் (டி.எஸ்.பாலையா). பணக்காரர். இன்னும் பணக்காரராக ஆசைப்படுபவர். அவருக்கு காஞ்சனா (காஞ்சனா), நிர்மலா (ராஜஸ்ரீ) என்று இரண்டு மகள்கள். பெரிய இடமாகப் பார்த்து இருவரையும் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய லட்சியம். ஒரே மகன் செல்லப்பா (நாகேஷ்). அவனுக்கு எஸ்டேட் வேண்டாம், சினிமாப் படம் எடுக்க வேண்டும். அதற்காக ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்ற கம்பெனியையும் ஆரம்பித்துவிட்டான். கம்பெனியில் பெயர் இருக்கிறது, முதலாளி இருக்கிறார். பணம் மட்டும்தான் இல்லை. அது அப்பாவின் பெட்டியில் இருக்கிறது.

எஸ்டேட்டில் சின்ன வேலை பார்க்கும் அசோக்குக்கும் (ரவிச்சந்திரன்) முதலாளியின் மகள்களுக்கும் ஒரு தகராறு. வேலை போய்விடுகிறது. அசோக் நேராக பங்களா வாசலிலேயே கூடாரம் அடித்து, வேலையைத் திரும்பக் கொடு என்று உட்கார்ந்துவிடுகிறான். இடையில் நிர்மலாவுக்கும் அவனுக்கும் காதல். பணமில்லாத மாப்பிள்ளையை விஸ்வநாதன் ஏற்க மாட்டாரே? அதனால் அசோக் ஒரு புளுகு விடுகிறான்: தான் உண்மையில் கோடீஸ்வரர் சிதம்பரத்தின் மகன் என்று. புளுகைக் காப்பாற்ற ஓர் அப்பா வேண்டுமே! நண்பன் வாசு (முத்துராமன்) கிழவர் வேஷம் போட்டு வந்து இறங்குகிறான். அந்த வாசுவைத்தான் மூத்த மகள் காஞ்சனா காதலிக்கிறாள் என்பது அவனுக்கு முன்னதாகத் தெரியாமல் போனதுதான் வினை.

அவ்வளவுதான் கதை. எழுதிப் பார்த்தால் அரைப் பக்கம். படத்தில் சாகிறவர் யாருமில்லை, தியாகம் செய்கிறவர் யாருமில்லை, கண்ணாடி உடைவதில்லை, மழையில் நனைந்தபடி யாரும் ஓடுவதில்லை. இதைச் செய்தவர் யார் என்று பார்த்தால்தான் ஆச்சரியம் புரியும்.

அழ வைத்தவர் சிரிக்க வைக்க வந்தார்

1964-ல் ஸ்ரீதர் என்றால் ரசிகர்கள் கைக்குட்டையோடு தியேட்டருக்குப் போவார்கள். 1959-ல் ‘கல்யாண பரிசு’. 1962-ல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘போலீஸ்காரன் மகள்’, ‘சுமைதாங்கி’ என்று ஒரே வருடத்தில் மூன்று. 1963-ல் ‘நெஞ்சம் மறப்பதில்லை’. எல்லாமே நிறைவேறாத காதல், பிரிவு, மரணம், மறுபிறவி என்று போகும் படங்கள். அந்த வகையில் அவருக்குப் போட்டியே கிடையாது.

இப்படிப்பட்டவரிடம் போய் முழு நீள நகைச்சுவைப் படம் எடுக்கலாம் என்று சொல்ல நல்ல நெருக்கமான ஆளாகத்தான் இருக்க வேண்டும். சொன்னவர் சித்ராலயா கோபு. செங்கல்பட்டில் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே ஸ்ரீதரின் தோழர். மெரினா கடற்கரையில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் இந்த யோசனையைச் சொன்னதாக கோபு பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஸ்ரீதர் முதலில் தயங்கியிருக்கிறார். தயக்கம் நியாயமானதுதான். எந்தப் பெயரால் வியாபாரம் நடக்கிறதோ அந்தப் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆடியன்ஸ் எதிர்பார்க்காத ஒன்றைக் கொடுப்பதென்றால் சும்மாவா?

அதிலும், சொந்த நிறுவனமான சித்ராலயாவின் படம். போதாக்குறைக்கு எம்.ஜி.ஆர். இல்லை, சிவாஜி இல்லை, ஜெமினி கணேசனும் இல்லை. ஒரு நாயகன் மலேசியாவிலிருந்து படிக்க வந்த இளைஞர்; சினிமாவில் அதுவரை முகம் காட்டியதில்லை. ஒரு நாயகி விமானப் பணிப்பெண்ணாக இருந்த வசுந்தரா தேவி. அவருக்கு ஸ்ரீதர் வைத்த பெயர்தான் காஞ்சனா. இத்தனையையும் வைத்துக்கொண்டு, படத்தைக் கலரில் வேறு எடுத்தார்.

கோபு அப்போது நகைச்சுவைக்குப் புதியவர் அல்ல. ‘கல்யாண பரிசு’ படத்தில் தங்கவேலு செய்த ‘எழுத்தாளர் பைரவன்’ பகுதி யாருக்குத்தான் மறக்கும்? எழுதாமலே எழுத்தாளர் என்று மனைவியிடம் அளந்துவிடும் அந்த ஆளுக்கும், படமே எடுக்காமல் புரொடியூசர் என்று ஊரில் அளந்துவிடும் செல்லப்பாவுக்கும் ஒரே ரத்தம்தான். பைரவனுடைய கதை தனி டிராக்; அதை வெட்டி எடுத்தாலும் ‘கல்யாண பரிசு’ நிற்கும். அன்றைய வழக்கமே அது. கதை ஒரு பக்கம் போகும், நகைச்சுவை இன்னொரு பக்கம் ஓடும், இரண்டும் எப்போதாவது ஒரு திண்ணையில் சந்தித்துக்கொள்ளும். ‘காதலிக்க நேரமில்லை’யில் அந்தச் சுவரை இடித்துவிட்டார்கள். நாயகன் சொல்லும் பொய்தான் நகைச்சுவை, அந்தப் பொய்தான் கதை. எதையும் உருவ முடியாது.

கலர் யாருக்கு?

இன்று பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாக இருக்கும். ஆனால் 1964-ல் இது காசு சம்பந்தப்பட்ட கேள்வி. கலர் ஃபிலிம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலை அதிகம். அதனால் தமிழில் கலர் என்றால் ராஜா ராணிக்கு, கடவுளுக்கு, மாயாஜாலத்துக்கு. 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1959-ல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. 1964 பொங்கலுக்கு வந்த ‘கர்ணன்’ கலரில் பிரம்மாண்டமாக வந்தது. தேர், குதிரை, கிரீடம், குருக்ஷேத்திரம்.

அது வந்து ஆறே வாரத்தில், அதே ஈஸ்ட்மென் கலரில், பேன்ட் சட்டை போட்ட இரண்டு பையன்களும், கார் ஓட்டும் இரண்டு பெண்களும், ஓர் எஸ்டேட் பங்களாவும் திரையில் வருகிறார்கள். நம் காலத்து மனிதர்களுக்கும் கலர் உண்டு என்று காட்டியது இந்தப் படம். முதல் தடவை பார்த்த ரசிகர்கள் கதையைவிட அதிகமாக நினைவில் வைத்திருப்பது நிறங்களைத்தான். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு அணைப் பகுதியின் பச்சை, சென்னைக் கடற்கரையின் நீலம், நாயகிகளின் உடைகள். அங்கே சுற்றுலா போகிறவர்களில் சிலர் இன்னமும் அணையைப் பார்க்காமல், ‘‘அந்தப் பாட்டு எடுத்த கெஸ்ட் ஹவுஸ் எது?’’ என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள்.

ஒளிப்பதிவு ஏ.வின்சென்ட். இங்கே ஒரு சுவாரஸ்யம். அதே 1964-ல்தான் அவர் மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ என்ற படத்தை இயக்கினார். பாழடைந்த வீடு, அதில் உலவும் ஒரு பெண்ணின் ஆவி. அதாவது, நாகேஷ் பாலையாவைப் பேய்க்கதை சொல்லி நடுங்க வைத்த காட்சியைப் படம் பிடித்தவர், அந்த ஆண்டு முடிவதற்குள் நிஜமாகவே ஒரு பேய்ப்படம் எடுத்துவிட்டார்.

அந்தக் காட்சி

இனி அதற்கு வந்துதானே ஆக வேண்டும்.

அப்பாவிடம் பணம் பறிக்க வேண்டும். அதற்குக் கதை சொல்ல வேண்டும். செல்லப்பா அப்பாவை உட்கார வைத்து ஒரு திகில் கதையை ஆரம்பிக்கிறான். இருட்டு, காற்று, நடமாட்டம் என்று எல்லாச் சத்தமும் அவன் வாயிலிருந்தே வருகிறது. கை, கண், விரல், குரல் எல்லாம் சேர்ந்து ஓர் ஆளே முழு ஆர்க்கெஸ்ட்ராவாகிவிடுகிறார் நாகேஷ். கதை சொல்லும்போது வாயாலேயே பின்னணி இசை போட்டுக்காட்டும் இயக்குநர் தாதா மிராசியின் பாணியைப் பார்த்துத்தான் இந்தக் காட்சி பிறந்தது என்பது கோடம்பாக்கத்தில் தெரிந்த விஷயம்.

ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் ஒரு கட்டத்தில் கவனித்துவிடுவார்கள்: சிரிப்பு வருவது நாகேஷைப் பார்த்து மட்டுமல்ல. கேட்கிற ஆளைப் பார்த்து. பாலையா கிட்டத்தட்ட பேசுவதே இல்லை. உட்கார்ந்திருக்கிறார். முதலில் ‘சொல்லித் தொலை’ என்ற அலட்சியம். அப்புறம் கொஞ்சம் ஆர்வம். பிறகு, தான் பயந்துவிட்டோம் என்பது மகனுக்குத் தெரியக் கூடாதே என்ற கௌரவம். கடைசியில் அந்தக் கௌரவமும் போய், ஐம்பது வயது எஸ்டேட் முதலாளி குழந்தை மாதிரி ஒடுங்கிப்போகிறார். பெற்ற பிள்ளையையே பேயைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். கதை சொல்கிறவர் எவ்வளவுதான் கத்தினாலும் கேட்கிறவர் முகம் ஒத்துழைக்காவிட்டால் அது வெறும் மிமிக்ரியாகப் போயிருக்கும்.

நாகேஷுக்கு அப்போது முப்பது வயதுதான். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் ஆஸ்பத்திரி வார்டு பாயாக வந்து பெயர் வாங்கியிருந்தார். ‘சர்வர் சுந்தரம்’ இதே 1964-ன் கடைசியில்தான் வந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவரோ 1936-ல் ‘சதி லீலாவதி’யில் வில்லனாக நடித்தவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அப்படிப்பட்ட ஒரு சீனியர், வளர்ந்துவரும் ஒரு நடிகருக்காக வாயை மூடிக்கொண்டு, இடம் விட்டு, கூடவே பயணம் செய்கிறார். ‘யார் பெரிய ஆள்?’ என்று ரசிகர்கள் ஒவ்வொரு வருடமும் மல்லுக்கட்டுவது இதற்காகத்தான். சும்மா சொல்லக் கூடாது, பாலையா கட்சிக்குத்தான் வருடாவருடம் ஆள் கூடுகிறது.

ஒரே எழுத்தில் ஒரு சமூகம்

பாலையா கட்சிக்காரர்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவது இன்னொரு இடத்தை. வேலையை விட்டுத் துரத்தப்பட்ட அந்த அசோக், பெரிய கோடீஸ்வரரின் வாரிசு என்று விஸ்வநாதனுக்குத் தெரியவருகிறது. அதாவது, தெரியவைக்கப்படுகிறது. கிழவர் வேஷத்தில் முத்துராமன் இருமிக்கொண்டு நிற்கிறார். நேற்றுவரை ‘அவன்’, ‘இவன்’ என்று திட்டிய வாய்க்கு இப்போது மரியாதை தேவைப்படுகிறது. அவசரத்தில் அசோக் ‘அசோகர்’ ஆகிறார். ‘மகன்’ என்று சொன்னாலும் ‘ன்’ வந்து தொலைக்கிறதே! அது மரியாதைக் குறைவாயிற்றே! அதனால் மகனையும் ‘மகர்’ ஆக்கிவிடுகிறார் பாலையா.

தமிழ் தெரிந்தவர்களால் மட்டுமே முழுசாக ரசிக்கக்கூடிய நகைச்சுவை இது. வேறு மொழிக்குக் கொண்டுபோவது கஷ்டம். ‘அன்’ விகுதிக்கும் ‘அர்’ விகுதிக்கும் நடுவில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை இலக்கண வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை. சொல்கிறவர் முகத்தில் கேலி துளியும் இல்லை. அவர் மனசாரத்தான் மரியாதை கொடுக்கிறார். மனிதருக்கு அல்ல, சொத்துக்கு. இன்றும் வீடுகளில், ஆபீஸ்களில், திடீரென்று யாருக்காவது மவுசு கூடிவிட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் மெதுவாக ‘மகர்’ என்று முணுமுணுப்பதைக் கேட்கலாம்.

படத்தின் நகைச்சுவைக்கு இப்படி ஒரு முனை இருப்பதைக் கவனிக்க வேண்டும். வேலை போன தொழிலாளி முதலாளி வீட்டு வாசலில் கூட்டம் சேர்த்துப் பாட்டுப் பாடி நியாயம் கேட்கிறான். சங்கம், கோஷம், உண்ணாவிரதம் எல்லாம் அன்றைய தமிழ்நாட்டின் அன்றாடக் காட்சிகள். அதை அப்படியே தூக்கி ஒரு காதல் படத்தின் நடுவில் வைத்திருக்கிறார் ஸ்ரீதர். அதில் இன்னொரு விளையாட்டும் உண்டு. முதலாளியின் பெயர் விஸ்வநாதன். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை கேட்கும் அந்தப் பாட்டுக்கு இசையமைத்ததும் ஒரு விஸ்வநாதன்.

ஆறு வாரத்தில் இரண்டு உலகம்

இசை, விஸ்வநாதன் – ராமமூர்த்தி. பாடல்கள் கண்ணதாசன். ‘கர்ணன்’ படத்துக்கும் இசை இதே இரட்டையர்தான். அங்கே இந்துஸ்தானி ராகங்களும் சாரங்கியும் ஷெனாயுமாகப் புராண காலத்தைக் கொண்டுவந்தவர்கள், ஆறு வாரம் கழித்து இங்கே ட்விஸ்ட்டும் விசிலும் லத்தீன் அமெரிக்கத் தாளங்களுமாக வந்து நிற்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஆட்கள் செய்தது என்று நம்புவது சிரமம். அடுத்த ஆண்டே இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால், பழைய ரசிகர்கள் ஏன் இந்தப் படத்தின் பாட்டைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் குரல் தாழ்கிறார்கள் என்பது புரியும்.

பி.பி.ஸ்ரீனிவாஸின் மென்மை, பி.சுசீலாவின் தெளிவு, எல்.ஆர்.ஈஸ்வரியின் துள்ளல், தமிழில் பாட ஆரம்பித்திருந்த இளம் யேசுதாஸின் குரல் என்று எல்லாமும் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவே, படத்தின் பெயரையே கொண்ட பாட்டைப் பாட ஸ்ரீதர் தரப்பு தேர்ந்தெடுத்தது யாரை? பக்திப் பாடல்களால் ஊரெங்கும் அறியப்பட்ட சீர்காழி கோவிந்தராஜனை. கிழவர் வேஷத்தில் இருக்கும் முத்துராமன் தன் காதலுக்கு நேரமில்லை என்று நொந்துகொள்ளும்போது அந்தக் கணீர்க் குரல் வந்தால்தான் வேடிக்கை. நகைச்சுவைப் பாட்டுக்கு நகைச்சுவைக் குரல் தேவையில்லை என்று யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

பாட்டுகளில் இன்னொரு நல்ல குணமும் உண்டு. அவை கதையை நிறுத்திவிட்டு நடப்பதில்லை. வேலை போனால் பாட்டு, வம்பிழுக்கப் பாட்டு, வேஷம் போட்டால் பாட்டு. மியூசிக்கல் காமெடி என்று வெளிநாட்டில் சொல்கிறார்களே, அதற்குத் தமிழில் ரொம்பவும் நெருங்கி வந்த படம் எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் சொல்வார்கள்.

சச்சு யோசித்தார்

செல்லப்பாவின் சினிமாவுக்கு நாயகி வேண்டும். எஸ்டேட் மேனேஜரின் மகள் மீனாட்சியைப் பிடித்துப்போட்டு ஒத்திகை என்ற பெயரில் பாடாய்ப்படுத்துகிறான். மீனாட்சியாக வந்தவர் சச்சு. குழந்தை நட்சத்திரமாக ஆரம்பித்து, 1962-ல் ‘வீரத்திருமகன்’ படத்தில் நாயகியாகவே உயர்ந்தவர். நாயகியாக இருந்தவரை நகைச்சுவை நடிகருக்கு ஜோடியாக நடிக்கக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அன்றைய சினிமாவில் அது இறக்கம். ஒரு தடவை காமெடி ஜோடி என்று முத்திரை குத்தப்பட்டால் திரும்ப நாயகியாக முடியாது. சச்சு தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். பயந்தது போலவே அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் நகைச்சுவை வேடங்கள்தான். ஆனால் அந்த வரிசையில் நீண்ட காலம் நிலைத்து நின்றார். நாகேஷ் பத்து வேகத்தில் போகும்போது எதிரே ஒன்றும் தெரியாத முகத்துடன் நிற்க வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்பது அந்தக் காட்சிகளைப் பார்த்தால் தெரியும்.

இன்று பார்த்தால்...

ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள் என்பதற்காகக் குறையே இல்லை என்று ஆகிவிடாது. அசோக் பெண்களைக் கேலி செய்யும் விதமும், கூட்டம் சேர்த்து வம்பிழுப்பதும் அன்றைக்குக் குறும்பாகத் தெரிந்தது. இன்று பார்க்கும் பெண்கள் பலருக்கு அது அவ்வளவு குறும்பாகத் தெரிவதில்லை. பேத்தியோடு உட்கார்ந்து பார்க்கும் தாத்தாக்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நெளிவதுண்டு. பொய்களெல்லாம் அவிழ்ந்து விழும் கடைசிப் பகுதியும் முன்பாதியின் வேகத்தில் இல்லை. போலீஸ், குழப்பம் என்று போய், எப்படியோ முடித்துவைக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. இந்தப் படத்தில் நகைச்சுவைக்காக யாருடைய உருவத்தையும், நிறத்தையும், ஊனத்தையும் கேலி செய்ய வேண்டிய தேவை பெரிதாக வரவில்லை. இதில் அடி வாங்குவது பேராசையும் பந்தாவும். பிற்காலத்தில் தமிழ் சினிமாவின் நகைச்சுவை போன பாதையைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

எல்லா மொழிக்கும் போனது

படம் வெள்ளிவிழா கண்டது. உடனே 1965-ல் தெலுங்கில் நாகேஸ்வர ராவ் நடிக்க ‘பிரேமிஞ்சி சூடு’. 1966-ல் ஸ்ரீதரே இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ எடுத்தார். கிஷோர் குமார், சசி கபூர், நாகேஷ் வேடத்தில் மெஹ்மூத், பாலையா வேடத்தில் ஓம்பிரகாஷ். மெஹ்மூதுக்கு அதற்காக ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. 1979-ல் கன்னடம், 1985-ல் மராத்தி. கதை சொல்லும் காட்சி போன இடமெல்லாம் சிரிக்க வைத்தது. தலைப்பு இன்னும் ஓயவில்லை: தொலைக்காட்சித் தொடருக்கு வைத்தார்கள், 2025 பொங்கலுக்கு வந்த, இதோடு சம்பந்தமே இல்லாத ஒரு புதுப் படத்துக்கும் வைத்தார்கள்.

மங்கும் கலர்

இத்தனை கொண்டாட்டத்துக்கும் நடுவே ஒரு கவலை இருக்கிறது. கலருக்காகவே பேசப்பட்ட இந்தப் படத்தின் கலரை இன்று எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

விஷயம் இதுதான். அந்தக் கால ஈஸ்ட்மென் கலர் ஃபிலிமில் மூன்று சாய அடுக்குகள் இருக்கும். மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. வெப்பமும் ஈரமும் பட்டால் பொதுவாக முதலில் போவது நீலப்பச்சைச் சாயம். அது போய்விட்டால் மிச்சமிருப்பது சிவப்பு. பழைய கலர் படங்கள் டிவியில் வரும்போது முகம், மரம், வானம் எல்லாம் ஒரு மாதிரி ரோஸ் நிறத்தில் தெரிவதற்குக் காரணம் இதுதான். குளிரூட்டிய, ஈரமில்லாத அறையில் வைத்தால் இதைத் தள்ளிப்போடலாம். சென்னை வெயிலில், சாதாரண குடோனில் கிடக்கும் பெட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. புனேவில் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டதும் இதே 1964 பிப்ரவரியில்தான் என்பது ஒரு தற்செயல். ஆனால் அன்றைய தமிழ்த் தயாரிப்பாளர்களில் பலருக்கு ஓடி முடிந்த படத்தின் நெகடிவ் ஒரு சொத்தாகவே தோன்றவில்லை. லேப் வாடகை கட்டாமல் கைவிட்டவர்கள் உண்டு.

டிஜிட்டலில் மீட்க முடியாதா? முடியும். மூல நெகடிவ் நல்ல நிலையில் இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்கேன் செய்து நிறத்தைச் சரிசெய்யலாம், கீறலைப் போக்கலாம். ஒலியைத் தனியாகச் சுத்தம் செய்ய வேண்டும். காசும் பொறுமையும், உரிமை யாருக்கு என்ற தெளிவும் வேண்டும். ‘கர்ணன்’ படத்தை அப்படித்தான் மீட்டு 2012-ல் மறுபடி வெளியிட்டார்கள். ஏற்கெனவே டிவியில் பத்து தடவை பார்த்தவர்கள்கூட தியேட்டருக்குப் போனார்கள். புதுப் படத்துக்குப் போட்டியாக ஓடியது. அதைப் பார்த்த நாளிலிருந்து ‘காதலிக்க நேரமில்லை’ ரசிகர்களுக்கும் அதே ஆசை. ஆழியாறின் பச்சையை ஒரு தடவையாவது பச்சையாகப் பெரிய திரையில் பார்த்துவிட வேண்டும் என்று.

அதுவரை கைவசம் இருப்பது செல்போனில் சுற்றிவரும் துண்டுக் காட்சிகள்தான். அதில் ஒரு சிக்கல். கதை சொல்லும் காட்சியை மட்டும் தனியாகப் பார்த்துச் சிரிக்கும் இளைஞர்களுக்கு, அந்த அப்பாவிடமிருந்து அந்த மகன் எத்தனை நாளாகப் பணம் கறக்கப் பார்க்கிறான் என்பது தெரியாது. படத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்தால், விஸ்வநாதன் வீட்டில் யாரும் யாரையும் முழுசாக நம்புவதில்லை என்பது மெல்லப் புரியும். அது புரிந்த பிறகு அந்த நாற்காலியில் பாலையா உட்காரும்போது, நாகேஷ் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிப்பு வந்துவிடும்.